அந்த ஓட்டை வேலை செய்யாது

அன்புள்ள மதினி,

முதலில் சண்டை, அப்புறம்தான் சேதி. நம் மெஷினில் பேனா மாட்டுகிற ஓட்டை வேலை செய்யாது என்று நாலு வருஷமாக என்னிடம் சொன்னீர்களே, அது எப்படி மதினி? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், "அது சும்மா பேருக்கு வச்சிருக்கான்டி, அதுல ஒரு எழுத்துக்கூட எழுதாது" என்று சொன்னீர்களே. எழுதுகிறது மதினி. அம்சமாக எழுதுகிறது.

நேரில் கேட்க வழியில்லை என்பதால் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிக் கேட்கிறேன். அந்த நாலு பேருக்கும் விவரம் தெரியாவிட்டால் சண்டையில் என் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் வீட்டுக்காரரின் அக்கா, பேச்சியம்மாள். ஆனையூரில் எங்களுக்கு அடுத்த தெரு. நானும் நீங்களும் சேர்ந்து சீர்த் தட்டுகளுக்குப் பெயர் அட்டை செய்தோம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் கொட்டுமேளத்தோடு சீர் வரும்போது ஒவ்வொரு தட்டிலும் அது எந்த வீட்டுத் தட்டு என்று பெயர் தெரிய வேண்டும். பெயர் விட்டுப் போனால் போச்சு, அந்த வீட்டுக்காரர்கள் பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிடுவார்கள். சாதாரணச் சீட்டில் எழுதிக் குத்துகிற பெயரை, கிளி வடிவத்தில் வெட்டிய அட்டையில் எழுதிக் குத்தலாம் என்று யோசித்தது நீங்கள்.

அதற்குத்தான் அந்த வெட்டுகிற மெஷின். சின்னச் சூட்கேஸ் அளவு இருக்கும். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை, ஒன்றில் பிளேடு, இன்னொன்றில் மார்க்கர் பேனா. பசை தடவிய பாயில் அட்டையை ஒட்டி உள்ளே விட்டால், லேப்டாப் சொல்வதைக் கேட்டு முதலில் மார்க்கர் எழுதும், அப்புறம் பிளேடு அதைச் சுற்றி வெட்டும். இதுதான் மெஷினின் முறை. இது எனக்குத் தெரிந்தே ரெண்டு மாதம்தான் ஆகிறது.

நம் முறை வேறாக இருந்தது. நான் அட்டையில் கையால் பெயர்களை எழுதுவேன். நீங்கள் அதை வாங்கிப் பாயில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அளவை லேப்டாப்பில் போட்டு, ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் ஒரு கிளி வருகிற மாதிரி மெஷினில் வெட்டுவீர்கள். அளக்கும்போது வாய் சும்மா இருக்காது. "ஏய் வாசுகி, எழுத்தாடி இது? மேல ஏறுது, கீழ எறங்குது, நான் எங்குட்டுப் போயி வெட்டுறது?" தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். நானும் சளைத்தவள் இல்லை. "உங்க கிளிக்குத்தான் வயிறு சிறுத்துப் போச்சு, என் எழுத்துக்கு என்ன கொறச்சல்?" என்று பதிலுக்குக் கத்துவேன். நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது.

போன பங்குனியில் ஒரு காலை, காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை, உங்களுக்கு அழுமூஞ்சிகளைக் கண்டால் ஆகாது.

இனி சேதி. உங்கள் மகள், நம் கயலுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது மதினி! உங்கள் தலைத்திவசத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், மாசியில் முடித்தோம். மாப்பிள்ளை நல்ல பையன், கோரிப்பாளையம் பக்கம் வீடு. நீங்கள் பார்த்திருந்தால் "பேச்சே காணமே, ஊமையா?" என்று கேட்டிருப்பீர்கள். ஊமை இல்லை, நம் வீட்டுக் கூட்டத்தில் அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

நிச்சயம் ஆன அன்றைக்குக் கயல் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒன்று கேட்டாள். "அத்தை, தாய்மாமன் சீரு நூத்தியொரு தட்டாமே. நூத்தியொரு தட்டுலயும் நம்ம கிளி இருக்கணும். அம்மா இருந்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும்." அப்படியே ஆகட்டும் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன். வேறு நகை நட்டு என்று எதுவுமே அவள் என்னிடம் கேட்கவில்லை.

சொல்லிய வாரத்திலேயே விழுந்தேன். கல்யாணத்துக்குப் பூ சொல்லி வைக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன், தரையில் நசுங்கிக் கிடந்த செவ்வந்தியில் கால் வைத்தேன், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஒரு மாதம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு முழுசாக ஐந்து வாரம்கூட இல்லை.

உட்கார்ந்து அழுதேன். உங்கள் தம்பி ஆறுதல் சொல்கிற அழகுதான் உங்களுக்குத் தெரியுமே. "இதுக்குப் போயி அழுவியா? ஃப்ளெக்ஸ் கடைல குடுத்தா ஒரு மணி நேரத்துல நூறு பேரும் அடிச்சுக் குடுத்துருவான்" என்றார். நான் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கயலுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளுக்குள் ஒரு பயம். நீங்கள் போய், என் கையும் போனால், நம் தொழில் என்று மிச்சம் என்ன இருக்கிறது மதினி?

மறுநாளே கயல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே உங்கள் வீட்டுக்காரரும் வந்தார். அண்ணன் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் டீ குடிக்கிறார், நான் போடுகிற டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்லிக்கொண்டே ரெண்டு தம்ளர் குடிக்கிறார். கயல் மெஷினின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

"அத்தை, இங்க மார்க்கர் மாட்டுறதுக்கு இடம் இருக்கே?"

"அது வேலை செய்யாதும்மா. உங்கம்மா அன்னைக்கே சொல்லிட்டாக."

"ஒரு தடவ மாட்டித்தான் பாப்பமே."

மாட்டினாள். மெஷின் அங்குட்டும் இங்குட்டும் ஓடியது, அட்டையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "நாந்தான் சொன்னேன்ல!" என்று ஒற்றைக் கையால் தொடையைத் தட்டினேன். எனக்கு ஒரே சந்தோஷம், எதற்கு என்று கேட்காதீர்கள். கயல் மார்க்கரை வெளியே எடுத்தாள். அதன் மூடியே கழற்றப்படவில்லை.

மூடியைக் கழற்றி மாட்டினால், மார்க்கர் ரொம்பத் தாழ்வாக இறங்கிவிட்டது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் தூக்க வேண்டிய நேரத்திலும் அட்டையைத் தேய்த்துக்கொண்டே போனது. எல்லாப் பெயருக்கும் நடுவில் ஒரு கோடு, சாமான் லிஸ்டை அடித்துவிட்ட மாதிரி. நுனி அட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி தூக்கி மாட்டினாள். இப்போது எழுதியது, ஆனால் எழுத்தின் ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வரைந்தது, நடுவில் வெற்றாக இருந்தது. அதற்கு ஒற்றைக் கோட்டு எழுத்து வேண்டுமாம். கயல் எங்கெங்கோ தேடி அப்படி ஒரு தமிழ் ஃபான்ட்டைக் கண்டுபிடித்து லேப்டாப்பில் ஏற்றினாள்.

அடுத்த கூத்து நான் செய்தது. பெயரெல்லாம் எழுதி முடித்து, பிளேடு இறங்குவதற்கு முன்னால் மெஷின் ஒரு நிமிஷம் நின்றது. மை ஈரமாக மினுங்கியது. பாயை இழுக்கிற உருளையில் பட்டு அப்பிவிடுமே என்று பாயை வெளியே உருவி, ஃபேனுக்கு நேராகப் பிடித்துக் காய வைத்து, திரும்ப உள்ளே சொருகினேன். கயல் கைகழுவப் போயிருந்தாள். மெஷின் தன்பாட்டுக்கு வெட்டியது. பார்த்தால் வெள்ளைச்சாமி சித்தப்பா பாதி ஒரு கிளியிலும் பாதி இன்னொரு கிளியிலும் கிடக்கிறார். பாயை உருவினால் இடம் மாறிவிடும், உள்ளேயே வைத்துத்தான் காய விட வேண்டும் என்று கயல் அப்புறம் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நீங்களாக இருந்தால் என் மாவுக்கட்டையே உடைத்திருப்பீர்கள்.

ஐந்தாவது தடவை எல்லாம் கூடி வந்தது. மார்க்கர் வரிசையாக எழுதியது, மை காயும் வரை காத்திருந்தோம், பிளேடு சரசரவென்று வெட்டியது. பாயிலிருந்து ஆறு கிளிகளை உரித்தெடுத்தாள் கயல். ஆறிலும் பெயர் கிளியின் வயிற்றுக்குச் சரியாக நடுவில் இருந்தது. எழுத்தும் ஒரே உயரம், ஒரே சாய்வு. நாலு வருஷத்தில் நான் ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை.

"அடி ஆத்தி, எழுதுதே! உங்கம்மாவுக்கு இது தெரியாமலே போச்சே" என்று நான் வாய் பிளந்தேன்.

அண்ணன் டீ தம்ளரோடு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கயல் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

"தெரியாமலா? வாங்குன அன்னைக்கே எழுதுச்சு தாயி. எங்க வீட்டு மேசைல வச்சு என் பேரத்தான் மொதல்ல எழுதிப் பாத்தா. எழுத்து நல்லா இருக்குன்னு சொன்னேன். உடனே பேனாவக் கழட்டிட்டா."

"ஏண்ணே?"

"இது எழுதும்னு தெரிஞ்சா வாசுகி எழுத மாட்டா, திரும்பவும் சுவத்தப் பாத்து உக்காந்துருவா. அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. அவ போனப்பறமும் சொல்லாமத்தான் இருந்தேன். நீயாக் கண்டுபிடிச்சுட்ட, என்மேல குத்தமில்ல."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன் என்றது நிஜம்தான் மதினி. பதினோரு வருஷம் நான் வேலை பார்த்த நர்சரிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சார்ட்டு எழுதுவதும் கரும்பலகையில் பூப் போடுவதும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் யாரோடும் சரியாகப் பேசவில்லை, உங்கள் தம்பி பக்கத்தில் வந்தாலே எரிந்து விழுந்தேன். அப்போதுதான் ஒரு நாள் ஆட்டோவில் மெஷினோடு வந்து இறங்கினீர்கள். "எனக்கு வெட்டத்தான் தெரியும், எழுத ஆளு வேணும், எந்திரிச்சு வா" என்றீர்கள். எனக்காக இல்லை, உங்களுக்கு ஆள் இல்லாமல் கூப்பிடுகிறீர்கள் என்றுதான் எழுந்து வந்தேன்.

ஆள் தேவையே இல்லாமல் இருந்திருக்கிறது! அண்ணன் சொன்னதைக் கேட்டதும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. நாலு வருஷம் நான் செய்தது வேலையா, இல்லை பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுக்கிற மாதிரி எனக்குக் கொடுத்து வைத்த விளையாட்டா? பாவம் பார்த்தா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தீர்கள்? ரெண்டு நாள் மெஷின் இருந்த பக்கமே போகவில்லை. கயலே வந்து ஓட்டினாள், நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நாள் அவளுக்குத் துணையாக உட்கார்ந்தேன். அட்டை மேல் அட்டையாக உள்ளே போய் வந்தது. ஒன்றுகூடக் கோணவில்லை, ஒன்றுகூட வீணாகவில்லை. ஸ்கேலே தேவைப்படவில்லை. எழுதுகிறதும் வெட்டுகிறதும் ஒரே மெஷின் என்பதால் எதை எங்கே எழுதினோம் என்று அதற்கே தெரிகிறது. கயல் பாட்டுக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் உங்கள் மஞ்சள் ஸ்கேல் கண்ணில் பட்டது. மேசையில் ஆணியில் தொங்கியது, ஓரமெல்லாம் தேய்ந்து செதில் செதிலாக. நாலு வருஷம் மதினி. ஒவ்வொரு அட்டைக்கும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அளந்தீர்கள். என் எழுத்து ஒரு நூல் சாய்ந்தால் கிளியையும் ஒரு நூல் சாய்த்தீர்கள். சரியாக வராமல் கிழித்துப் போட்டு, திரும்பவும் எழுது என்று என் கையில் அட்டையைத் திணித்தீர்கள். மார்க்கரை அந்த ஓட்டையில் சொருகியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நாடகம் பார்த்திருக்கலாம். முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு அளந்தீர்களே!

என் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி, நீங்கள் திட்டியது ஞாபகம் வந்ததும் இறங்கியது. பாவம் பார்க்கிறவர்கள் இம்புட்டுத் திட்ட மாட்டார்கள் மதினி. "ழகரம் போட்டிருக்கியா, பாம்பு போட்டிருக்கியா?" என்று கேட்க மாட்டார்கள். என் எழுத்து உங்களுக்கு வேண்டியிருந்தது, நான் பக்கத்தில் வேண்டியிருந்தது, என்னோடு சண்டை போடுவதும் வேண்டியிருந்தது. சரிதானே? சரியில்லை என்றால் கனவில் வந்து சொல்லுங்கள்.

கல்யாணச் சேதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நூற்றியொரு தட்டு. உங்கள் தம்பி பட்டு வேட்டியில் முன்னால் நடந்தார், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். பெண்டுகள் எல்லாரும் முதலில் தங்கள் தட்டில் பெயரைத் தேடினார்கள், அப்புறம் அடுத்தவள் தட்டைப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி சித்தப்பா தன் கிளியைத் தூக்கிப் பார்த்து, "எம் பேரு கொஞ்சம் சின்னதாத் தெரியுதே" என்றார். இந்தத் தடவை முழுசாகவாவது இருக்கிறீர்களே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரும் கோபித்துக்கொண்டு பஸ் ஏறவில்லை.

நூறு கிளி மெஷின் எழுதியது. முதல் தட்டின் கிளியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்து, தாய்மாமன் பொண்டாட்டி தூக்குகிற தட்டு, அதாவது என் தட்டு. அதில் மட்டும் சீர் யாருக்கு என்று எழுதுவோம், அதனால் உங்கள் பெயர் வர வேண்டும்.

அந்தப் பெயரைக் கயல் கடைசி வரைக்கும் மெஷினில் ஏற்றவேயில்லை. கேட்டால் "பாப்போம்த்தை" என்றாள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் என் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை வெளிறிப்போய், மடக்கினால் வலித்தது. வீட்டுக்கு வந்தேன். கயல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கப் பார்க்க, ஓட்டையில் இருந்த மார்க்கரைக் கழற்றினாள். அதை என் பக்கம் நீட்டினாள்.

"என்னடி?"

"அத்தை, இந்த ஓட்டை வேலை செய்ய மாட்டேங்குது."

முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை மதினி. அச்சு அசல் நீங்கள்தான். அவளுக்குப் பின்னால் அண்ணன் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு டீ குடிக்கிற மாதிரி நடித்தார்.

மார்க்கரை வாங்கினேன். "பேச்சியம்மாள் மகள் கயல்விழிக்கு" என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பேருக்கு முன்னால தெய்வத்திரு போடணுமே தாயி, ஊரு எதாச்சும் சொல்லுமே" என்றார். "கிளியில எடமில்லண்ணே" என்று சொன்னேன். இடம் இருந்தது. பொய் சொல்ல உங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியுமா?

கயல் ஆணியிலிருந்து மஞ்சள் ஸ்கேலை எடுத்தாள். அட்டையைப் பாயில் ஒட்டி, குனிந்து, அளந்து, தலையைச் சொறிந்து, திரும்ப அளந்தாள். முதல் தடவை கிளியின் மூக்கு உங்கள் பெயரைக் கொத்தியது. இன்னொன்று எழுதினேன். அதுவும் கோணியது. மூன்றாவதை எழுதிக் கொடுத்ததும் ஸ்கேலைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அத்தை, மேல ஏறுது, கீழ எறங்குது, நான் எங்குட்டுப் போயி வெட்டுறது?"

அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நான் அழுதேன், சிரித்தேன், ரெண்டும் செய்தேன். அந்த மூன்றாவது கிளிதான் முதல் தட்டில் போனது. கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது, நூற்றியொன்றில் அது ஒன்றுதான் சாய்ந்த கிளி. மணமேடையில் கயல் என் தட்டிலிருந்து அதை உருவித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் கோரிப்பாளையத்திலிருந்து வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். "நான் வெட்ட வாரேன், எழுத ஆளு வேணும், ரெடியா இருங்க" என்று ஃபோனில் அதிகாரம் வேறு. வைகாசிக்கு ஒரு காதணி விழா ஒத்துக்கொண்டிருக்கிறோம், ஐம்பத்தியொரு தட்டு. மை காயும் வரை பாயை உருவ மாட்டேன். உங்கள் ஸ்கேலை ஆணியிலேயே மாட்டி வைப்பேன். உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன் மதினி, இந்தக் கடிதத்தைப் படித்தவர்களே வந்து கேட்டாலும் மாற மாட்டேன். எங்கள் மெஷினில் பேனா மாட்டுகிற ஓட்டை வேலை செய்யாது.

இப்படிக்கு,
கோணலாக எழுதுகிற உங்கள் தம்பி பொண்டாட்டி,
வாசுகி